அக்காவா, தங்கையா? மொழிபெயர்ப்புக் கருவி செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மொழிபெயர்ப்பு மென்பொருள் ஆக்குவோருக்கும், படங்களுக்குத் தமிழில் வசன வரி எழுதுவோருக்கும், அகராதிக் குழுவினருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்து 'சிஸ்டர்' தமிழுக்குள் வரும்போது வாசலிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மூத்தவளா, இளையவளா? உங்கள் கருவிகள் அதைக் கேட்பதில்லை. 'சகோதரி' என்று பொதுவாகப் போடுகின்றன, இல்லையேல் 'தங்கை' என்று ஊகிக்கின்றன. 'சகோதரி' மேடைக்கும் அறிவிப்புக்கும் பொருந்தும். "என் சகோதரி சாப்பிட்டாளா?" என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

ஊகம் தவறினால் அந்த ஒரு சொல்லை மாற்றினால் போதாது. அக்காவை 'அக்கா' என்றே விளிப்போம். தங்கையைப் பெரும்பாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அக்காவுக்கு 'வந்தாங்க' என்று மரியாதை கொடுக்கும் வீடுகளில் தங்கை 'வந்தாள்' தான். ஒரு தொடரின் ஐந்தாம் பகுதியில் அவள் மூத்தவள் என்று தெரிந்து 'தங்கை'யை 'அக்கா' என்று மொத்தமாக மாற்றினால், 'தங்கையை' என்பது 'அக்காயை' ஆகிவிடும். ஐகாரத்தில் முடியும் சொல்லுக்கு யகரமும் ஆகாரத்தில் முடியும் சொல்லுக்கு வகரமும் உடம்படுமெய்யாக வருவதே காரணம். 'அக்காவை', 'அக்காவுக்கு', 'அக்காவின்' என்று ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும்.

ஆகவே வேலையைத் தொடங்குமுன் முழுக் கதையையும் ஒருமுறை பார்த்து, பாத்திரங்களின் பிறப்பு வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வயது சொல்லப்படாவிட்டால் படிக்கும் வகுப்பு, திருமணம், பழைய நினைவுக் காட்சிகள் துப்புக் கொடுக்கும். இரட்டையரானாலும் யார் முதலில் பிறந்தவர் என்று கேளுங்கள். விடை கிடைக்காத இடத்தில் 'கூடப்பிறந்தவள்' என்று எழுதுங்கள். இயல்பான சொல், வயதையும் சொல்லாது. மென்பொருளானால் இரண்டு வடிவத்தையும் காட்டிப் பயனரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

'சிஸ்டர் இன் லா' இன்னும் சிக்கல். அண்ணன் மனைவி அண்ணி, கணவனின் கூடப்பிறந்தவள் நாத்தனார், மனைவியின் தங்கை கொழுந்தியாள் அல்லது மச்சினி, கணவனின் சகோதரன் மனைவி ஓரகத்தி. எதிர்த்திசையிலும் இடறல் உண்டு. பெரியப்பா மகளும் சித்தி மகளும் நமக்கு அக்கா தங்கைதான். ஆனால் மாமன் மகள், அத்தை மகள் அப்படியல்ல. வாரிசுப் பத்திரம் போன்ற ஆவணத்தில் 'அக்கா'வை அப்படியே 'சிஸ்டர்' ஆக்கினால் சொத்துரிமையே குழம்பும். உடன்பிறந்தவளா, ஒன்றுவிட்டவளா என்று உறுதி செய்யாமல் கைவைக்காதீர்கள்.

167-ஆம் குறளில் 'தவ்வை' என்ற பழஞ்சொல் வருகிறது, பொருள் அக்கா. 'செய்யவள் தவ்வை' என்றால் திருமகளின் அக்கா, அதாவது மூதேவி. மூத்தவள் என்பதிலேயே அவள் பெயர் இருக்கிறது. அதை வெறும் 'சிஸ்டர்' என்று பெயர்த்தால் குறளின் பாதி போய்விடும்.

மருத்துவமனைக் காட்சியில் வரும் 'சிஸ்டர்' செவிலியர். பிரிட்டன் கதையானால் வார்டின் பொறுப்புச் செவிலியர், எல்லாச் செவிலியரும் அல்லர். கன்னியர் மடமானால் அருட்சகோதரி.

உறவை விட்டு வெளியே வந்தால் எங்கள் கருத்து மாறுகிறது. ஒலிம்பிக், டைட்டானிக், பிரிட்டானிக் மூன்றும் ஒரே வகையில் கட்டப்பட்ட கப்பல்கள். ஆங்கிலம் கப்பலைப் பெண்ணாகப் பேசுவதால் அங்கே அவை சகோதரிகள். தமிழில் கப்பல் அஃறிணை, 'இணைக்கப்பல்' போதும். ஆனால் உயிரியலில் 'இணை' என்ற சொல்லைத் தொடாதீர்கள். சகோதரி குரோமாட்டிடுகள் ஒரே குரோமோசோம் இரட்டித்ததால் உண்டான இரு படிகள். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் ஒத்த குரோமோசோம்கள் வேறு. இனப்பெருக்க செல்கள் உண்டாகும் பிரிவான ஒடுக்கற்பிரிவின் முதல் கட்டத்தில் பிரிபவை ஒத்த குரோமோசோம்கள். சகோதரி குரோமாட்டிடுகள் இரண்டாம் கட்டத்தில்தான் பிரியும். இரண்டுக்கும் 'இணை' என்று எழுதிய பாடத்தில் மாணவர் எந்தக் கட்டத்தில் எது பிரிகிறது என்று எப்படிப் புரிந்துகொள்வார்?

அகராதிக் குழுவினரே, இந்தச் சொல்லுக்கு நேராக ஒற்றை விடை வைக்காதீர்கள். உறவு, மருத்துவம், மடம், கப்பல், உயிரியல் என்று துறை குறித்து, உறவின் கீழ் முதலில் அக்காவையும் தங்கையையும் சேர்த்தே அச்சிடுங்கள். 'சகோதரி' அவற்றுக்குப் பின்னால் வரட்டும்.

இப்படிக்கு,
தமிழில் மொழிபெயர்ப்போர் சிலர்