தனி ஆவர்த்தனத்துக்கு ஒரு வரிகூடக் கிடையாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

திங்கட்கிழமை இதழில் வந்த மார்கழிக் கச்சேரி விமர்சனத்தைப் படித்தேன். பாடகியின் தோடி ஆலாபனைக்கு இரண்டு பத்தி, நிரவலுக்கு ஒரு பத்தி, புடவைக் கரைக்கு மூன்று வரி (நல்ல புடவைதான், நானும் பார்த்தேன்), கடைசியில் போனால் போகிறது என்று "பக்கவாத்தியங்களும் துணை நின்றன" என ஒரு வரி. அவ்வளவுதான். வயலின் யார், மிருதங்கம் யார், கஞ்சிரா யார், ஒரு பெயரும் இல்லை.

நானும் என் நண்பர்களும் அந்தக் கச்சேரிக்குப் போனதே அந்த மிருதங்கத்துக்காகத்தான். கல்லூரி நாட்களிலிருந்து அவர் வாசிப்பைத் துரத்திக்கொண்டு சபா சபாவாக அலைகிற கூட்டம் நாங்கள். ஒருவன் இதற்காகவே லீவு போட்டு பெங்களூரிலிருந்து வந்தான். வித்வானின் பெயரை நான் எழுதப் போவதில்லை. விமர்சனம் எழுதியவருக்கே தேவைப்படாத பெயர், நான் சொல்லி என்ன ஆகிவிடப் போகிறது?

பாட்டு நின்று தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்குவதற்கு முன்னால் சின்னக் கல்லை எடுத்து மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை விளிம்பை இரண்டு தட்டு தட்டினார், இடது பக்கமான தொப்பியில் ஒட்டிய ரவையை விரலால் அழுத்திப் பார்த்தார். சபையில் பாதிப் பேருக்கு அதுதான் எழுந்து போவதற்கான மணி. நாற்காலிகள் படபடவென்று மடங்குகின்றன, கேன்டீனில் இடம் பிடிக்க ஓட்டம். அந்தச் சத்தம் அடங்கும்வரை தொப்பியைத் தொட்டும் தொடாமலும் மெதுவாகவே வாசித்துக்கொண்டிருந்தார் பாருங்கள், அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு பத்தி எழுதலாம். அப்புறம் ஐந்து ஐந்தாக எண்ணும் கண்ட நடைக்கு மாறினார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த எங்கள் பெங்களூர்க்காரன் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டு, அசட்டுச் சிரிப்புடன் முன்வரிசைக்காரர் கையைப் பார்த்துச் சரி செய்துகொண்டான். கஞ்சிராவுடன் குறைப்பு வந்தபோது இவர் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), அவர் இரண்டு, பிறகு ஒன்று, பாதி, கால் என்று சுருங்கிக்கொண்டே போய், இருவரும் சேர்ந்து முடிவுக் கோப்புகளான மோரா, கோர்வை வாசித்துப் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் கொண்டுவந்து நிறுத்தியபோது, தாளமே தெரியாத என் இன்னொரு நண்பன் எழுந்து நின்று கைதட்டினான். உங்கள் விமர்சகர் அப்போது எங்கே இருந்தார் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குக் கேன்டீனில் நல்ல கூட்டம் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

உங்களுக்குத் தெரியாததா? 1966-லேயே மியூசிக் அகாதெமி பாலக்காடு மணி ஐயருக்குத் தன் பெரிய விருதான சங்கீத கலாநிதியைக் கொடுத்துவிட்டது. மிருதங்கக்காரர் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகும் உங்கள் கச்சேரிப் பட்டியலில் பக்கவாத்தியம் என்றால் "மற்றும் குழுவினர்"தான். போட்டோவும் அப்படித்தான். பாடகர் நடுவில், ஓரத்தில் மிருதங்கத்தின் ஒரு பக்கமும் நாலு விரலும். போன வருஷம் கஞ்சிரா வாசிப்பவர் படத்தைப் போட்டுக் கீழே "கடம்" என்று அச்சிட்டிருந்தீர்கள். பானைக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டு மரியாதையாகத்தான் ஒரு கடிதம் எழுதினேன், அது வரவில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கும்.

மைக் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய்ப்பு வராது. பால்கனியில் எங்களுக்கு வலந்தலை ஆணி அடிப்பது மாதிரி கேட்டது, தொப்பியின் ஆழ்ந்த கும்கி நாதம் சுத்தமாகக் காணோம். மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று ஒரு காலத்தில் பிடிவாதமாக நின்றதன் காரணம் இந்த வருஷம்தான் எனக்கு விளங்கியது. ஆனால் "ஒலியமைப்பு அருமை" என்கிறது உங்கள் விமர்சனம். முன்வரிசை இலவச நாற்காலியில் அப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது. தனிக்குப் பத்து நிமிஷம் என்று சபாக்காரர்கள் கடிகாரத்தைக் காட்டுவதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது, விடுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விமர்சனத்தின் தலைப்புக்குக் கீழே பாட்டு, வயலின், மிருதங்கம், கஞ்சிரா மாதிரி உபபக்கவாத்தியம் இன்னார் இன்னார் என்று ஒரு வரி போடுங்கள். இந்த சீசன் முடிவதற்குள் தொடங்கினாலும் போதும். கடிதம் நீளமாகிவிட்டது, வெட்டத்தான் செய்வீர்கள். வெட்டும்போது மேலே இருக்கும் புலம்பலை எல்லாம் எடுத்துவிட்டு இந்தப் பத்தியை மட்டுமாவது விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
பால்கனி டிக்கெட் வாசகர், சென்னை