ஸ்பிரிங்கரிலிருந்து நீல் கேப் வரை: தம்பி கார்த்திக்குக் கடிதம்

அன்புள்ள கார்த்திக்,

அமெரிக்காவின் கிழக்குப் பக்க மலைகளில் போகும் நடைபாதையான அப்பலாச்சியன் டிரெயில் மொத்தம் 2,190 மைலுக்கு மேல். நாலு நாள் லீவுக்கு ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து நீல் கேப் (கேப் என்றால் கணவாய்) வரை 31 மைல் போதும். காரை நீல் கேப் பக்கம் விட்டுவிட்டு, வாடகை வண்டியில் தொடக்கத்துக்குப் போ. வன இலாகா ரோடு 42-ல் இறங்கினால் உச்சி 0.9 மைல் தெற்கே இருக்கும். போய்த் தொட்டுவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். முதல் நாள் கணக்கில் பலர் விடுவது இதைத்தான்.

முதல் இரவு ஹாக் மவுண்டன், அடுத்தது கூச் மவுண்டன், மூன்றாவது லான்ஸ் கிரீக். ஜராட் கேப்பைத் தாண்டித் தங்காதே. அங்கிருந்து நீல் கேப் வரை வசந்த காலத்தில் தங்குகிறவர்கள் கரடியால் திறக்க முடியாத கெட்டியான உணவுப் பெட்டி வைத்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் வெளியேற வழி வுடி கேப்; தார் ரோடு குறுக்கே போகிறது.

மரங்களில் பூசியிருக்கும் வெள்ளைப் பட்டை டிரெயில், நீலப் பட்டை தண்ணீருக்கோ ஷெல்டருக்கோ (இரவு தங்கும் கொட்டகை) போகும் கிளைவழி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வெள்ளைப் பட்டை இருந்தால் திருப்பம் வருகிறது, பேச்சை நிறுத்திப் பார்.

அரிசி வேண்டாம், வேகும் நேரத்தில் கேஸ் தீர்ந்துபோகும். அவல், வறுத்த ரவை உப்புமா மிக்ஸ், பருப்புப்பொடி எடுத்துக்கொள். வெந்நீர் மட்டும் போட்டால் 100 கிராம் கேஸ் ஒரு ஆளுக்கு மூன்று இரவு தாங்கும். ஊறுகாய் வேண்டவே வேண்டாம்: எண்ணெய் கசிந்தால் பை முழுக்க கரடிக்கு அழைப்பிதழ். டூத்பேஸ்ட்கூட இரவில் உணவுப் பையோடு மரத்தில்தான். 50 அடி கயிறு, நுனியில் கல் கட்டிக் கிளைக்கு மேல் எறி. பை தரையிலிருந்து 12 அடி, அடிமரத்திலிருந்து 6 அடி தள்ளித் தொங்கவேண்டும். தங்கும் இடத்தில் பையைத் தொங்கவிடும் கேபிளோ உணவு வைக்கும் இரும்புப் பெட்டியோ இருந்தால் இந்தப் பாடு இல்லை.

கரடியைவிட ஈரம்தான் ஆளை வீழ்த்தும். பருத்தி பனியன், ஜீன்ஸ் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தண்ணீர் ஃபில்டரை உறைபனி இரவில் ஸ்லீப்பிங் பைக்குள் வைத்துக்கொள். உள்ளே ஈரம் உறைந்தால் நார்கள் வெடிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது.

கடைசி நாள் பிளட் மவுண்டன், 4,458 அடி. உச்சிக் கல் ஷெல்டரில் தண்ணீர் கிடையாது, கீழேயே பிடித்துக்கொள். இறக்கம் வழவழப்பான பாறை. இறங்குமுன் ஷூ லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டு. இல்லாவிட்டால் விரல்கள் முன்னால் மோதி நகம் கறுத்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்