மேஜர் சரவணன் கண்காட்சிக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 அன்று, திருச்சியில் எங்கள் தெரு நூலகக் கூடத்தில், வீர் சக்ரா விருது பெற்ற மேஜர் மாரியப்பன் சரவணன் குறித்து நாங்கள் வைத்த சிறு கண்காட்சி நல்லபடியாக நடந்தேறியதற்கு நீங்களே காரணம்.

1999 மே 29 அன்று, பட்டாலிக் பகுதியில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த ஜுபர் முகட்டை மீட்க, பீகார் ரெஜிமென்டின் முதலாம் பட்டாலியன் வீரர்களோடு ஏறிய அவர், எதிரியின் பதுங்கு குழியை ராக்கெட் லாஞ்சரால் தாக்கியதும், குண்டுச் சிதறல் பாய்ந்த பின்னும் பின்வாங்க மறுத்துப் போரிட்டு வீழ்ந்ததும் நம் ஊரில் பலர் அறிந்தவை. அவருடைய உடல் ஒரு மாதத்திற்கு மேல் அந்த மலையிலேயே கிடந்து, ஜூலையில்தான் மீட்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள் குறைவு. அதைத் தனிப் பலகையில் எழுதியே ஆக வேண்டும் என்று வற்புறுத்திய ஓய்வுபெற்ற சுபேதார் ஐயாவுக்கு எங்கள் முதல் நன்றி. ‘புயலெனப் பாய்ந்து ஏறினார்’ என்று நாங்கள் எழுதியிருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அந்த உயரத்தில் பத்தடி வைத்தால் மூச்சு வாங்க நிற்க வேண்டும், எவராலும் பாய முடியாது என்று அவர் சொன்னபோது எங்களுக்கு வெட்கமாகவே இருந்தது.

கூலி வாங்காமல் மூன்று மாலைகள் உட்கார்ந்து, சிமென்டும் கம்பி வலையும் கொண்டு மலைச்சரிவின் மாதிரியைச் செய்து தந்த கொத்தனாருக்கும் கடமைப்பட்டுள்ளோம். உச்சியில் இருப்பவன் கண்ணுக்கு, கீழிருந்து ஏறுபவன் எவ்வளவு மறைவின்றித் தெரிவான் என்பதைப் பிள்ளைகள் குனிந்து பார்த்தே புரிந்துகொண்டார்கள்.

விருதின் நாடாவுக்கு நாங்கள் காவித் துணியை மட்டும் கொடுத்திருக்க, படத்தைப் பார்த்துப் பாதி கருநீலம், பாதி காவி எனத் தைத்துக் கொடுத்த தையற்கடை அம்மாவுக்கும், முகப்புப் பதாகையில் எங்கள் கவனக்குறைவால், போர்க்கள வீரத்துக்கான முதல் நிலை விருதான ‘பரம் வீர் சக்ரா’ என்று அச்சாகிவிட்டதை இரவோடு இரவாக, காசு வாங்காமல், மாற்றித் தந்த அச்சக உரிமையாளருக்கும் நன்றி. (“அப்படியானால் இது மூன்றாம் நிலை விருதுதானா?” என்று ஒருவர் கேட்டார். அவரை மலை மாதிரியின் பக்கம் அழைத்துச் சென்றோம்.)

மாதிரி நூலகத்திலேயே இருக்கும். இரவல் பெற்ற பெஞ்சுகளும் சுபேதார் ஐயாவின் வரைபடமும் வரும் ஞாயிற்றுக்கிழமை உரியவர்களிடம் சேர்க்கப்படும்.

நன்றியுடன்,
நூலக வாசகர் குழுவினர்