கயலுக்கு, அப்பா எழுதுவது

ஸ்ரீரங்கம்,
ஞாயிறு இரவு.

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு நாங்கள் நலம். உன் பிள்ளை கபிலனும் நலம். போன வாரம் அவனுக்குச் சளி பிடித்திருந்தது. அம்மா கற்பூரவல்லிச் சாறு கொடுத்தாள், சரியாகிவிட்டது. நீ ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

மூன்று ஞாயிறாக உன் போன் வரவில்லை. வார்டில் வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நோயாளியிடம் மணிக்கணக்கில் பேச வேண்டும், சோதனைகள் எடுக்க வேண்டும், அறிக்கை எழுதித் திருத்தி வாங்க வேண்டும், நடுவில் ஆய்வேடு வேறு. பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னதுதான். ஆனால் மாப்பிள்ளை சென்னையிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறார். அவருக்கும் வேலை இருக்கிறது.

குறை சொல்லவில்லை. உன் அத்தையை மனநோய் தீரக் குணசீலம் கோயிலில் 48 நாள் விட்டுவிட்டு வந்த குடும்பம் நம்முடையது. அந்த வீட்டுப் பெண் பெங்களூரில் மருத்துவ உளவியல் படிக்கிறாள் என்று கடைத்தெருவில் நானாகப் போய்ச் சொல்கிறேன். இரண்டு வருடத்தில் பாதியைத் தாண்டிவிட்டாய். எம்.ஃபில். முடித்தால்தானே இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் உளவியலாளராகப் பதிவு கிடைக்கும்? அந்த எம்.ஃபில். சேர்க்கையும் 2025-26 வரைதான் என்று பேப்பரில் பார்த்தேன். விட்டால் மறுபடி கிடைக்காது. விட்டுவிடாதே. வேளைக்குச் சாப்பிடு.

அன்று கபிலன் போனுக்கு வராமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டானே, அதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என்னென்னவோ எழுதிவிட்டேன்.

1993இல் அம்மா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் பி.ஏ. எழுதினாள். கடைசித் தாள் அன்று உனக்குக் கொதிக்கிற காய்ச்சல். நான் ஒருநாள் லீவு போட்டிருந்தால் போதும். லீவும் இருந்தது. "பிள்ளை முக்கியமா, பரீட்சை முக்கியமா?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். சாயங்காலம் வந்தபோது ஹால் டிக்கெட் அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. அதன்பிறகு அம்மா அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. உன் காய்ச்சலால்தான் படிப்பு நின்றது என்று வருகிறவர்களிடமெல்லாம் நான் சொன்னேன். நீயும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். அது என்னால் நின்றது, கயல். இதை அம்மாவிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்குக் கூப்பிடு. அவன் வராவிட்டால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைக்கிறேன். அவன் பதில் சொல்லாவிட்டாலும் நீ பேசிக்கொண்டிரு.

அப்பா