நீ கேட்ட கதிர்வீச்சு விஷயம்

அன்புள்ள மாதவா,

கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்குச் சேர்ந்தது கேட்டு மனசு நிறைந்தது, வாழ்த்துச் சொல்லு. இங்கே அதே ஆய்வகம், அதே நுண்ணோக்கி, என் கண்ணாடி பவர்தான் ஏறிக்கொண்டே போகிறது.

புற்றுநோய்ச் சிகிச்சையில் செல்லைக் கொல்லத்தான் கதிர்வீச்சு என்றால் ஒரே நாளில் கொடுத்து முடிக்காமல் ஏன் வாரக்கணக்கில் இழுக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். நம் செல் பழுதுபார்க்கும் என்பதால்தான். கிரே என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு; 1 கிரே எக்ஸ் கதிர் பட்டால் ஒரு செல்லின் டிஎன்ஏவில் ஒற்றை இழை முறிவு மட்டும் 1000 வரை விழும். அது பெரிய விஷயமில்லை, எதிர் இழையைப் பார்த்து நிரப்பிவிடும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் வம்பு, அப்படி 20 முதல் 40 வரை விழும். அறுந்த முனைகளைச் சில நொடிகளிலேயே கூ என்ற புரதம் வந்து வளைத்துப் பிடிக்கும், வேறு சில புரதங்கள் முனையைச் செதுக்கும், கடைசியில் லைகேஸ் 4 என்ற நொதி ஒட்டிவிடும். நடுவில் ஓரிரு எழுத்து தொலைந்தாலும் கண்டுகொள்ளாது. பிழையில்லாத வழியும் இருக்கிறது, ஆனால் அதற்குப் பார்த்து எழுத ஒரு நகல் வேண்டும், டிஎன்ஏ இரட்டித்த பிறகுதானே நகல் கிடைக்கும்! அதனால் அந்த அவசர ஒட்டை நான் குறை சொல்லமாட்டேன்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முறிவுக்குப் பக்கத்திலுள்ள ஹெச்2ஏஎக்ஸ் புரதத்தில் ஏடிஎம் என்ற நொதி பாஸ்பேட் ஏற்றிவிடும், அதற்குப் பச்சைச் சாயம் போட்டால் அரை மணி நேரத்தில் உட்கரு முழுக்கப் பச்சைப் புள்ளிகள். மறுநாள் பார்த்தால் பெரும்பாலும் மறைந்திருக்கும், மிஞ்சிய சிலதுதான் கவலை. பிறவியிலேயே ஏடிஎம் இல்லாதவர்களுக்கு வழக்கமான சிகிச்சை அளவே ஆபத்தாகிவிடும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். தினம் 2 கிரே என்று கொடுத்தால் இடைவெளியில் நல்ல செல்கள் ஒட்டுப்போட்டு எழுந்துவிடும். பல புற்றுசெல்களில், உடைந்த செல்லைப் பிரியவிடாமல் நிறுத்தும் பி53 என்ற புரதத்தின் காவல் கெட்டுக் கிடப்பதால் உடைவைச் சரிசெய்யாமலே இரண்டாகப் பிரியப் போய் மாள்கின்றன. எல்லாப் புற்றும் இப்படி ஏமாளி என்று நினைக்காதே, சிலது நம் செல்லைவிடக் கெட்டி. ஆக்சிஜன் சமாச்சாரமும் இதில் இருக்கிறது, அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அப்புறம், நம் வகுப்புப் படத்தை அனுப்புகிறேன் என்றாயே, எங்கே?

அன்புடன்,
ரவி