போர்டைத் தொட்டுப் பாக்குறது தப்பில்ல

எல்லாருக்கும் வணக்கம், பார்வையில்லாத நம்ம பசங்க செஸ் டோர்னமென்ட்ல முதல் தடவை பார்வையுள்ள பசங்களோட ஆடப் போறாங்க, அதனால ஒரு விஷயம் சொல்லிடுறேன். ரெண்டு பேருக்கும் தனித்தனி போர்டு இருக்கும். நம்ம போர்டுல கறுப்புக் கட்டம் கொஞ்சம் மேடா இருக்கும், ஒவ்வொரு கட்டத்துலயும் ஓட்டை, காய்க்கு அடியில முளை, கறுப்புக் காய்ல தனி அடையாளம். டச் மூவ் ரூல், அதாவது தொட்ட காயைத்தான் நகர்த்தணும்னு சொன்னதும் நிறைய பேர் பயப்படுறீங்க, ஆனா கை வச்சுத் தடவிப் பாக்குறது கணக்கே இல்ல, ஓட்டையிலிருந்து காயை வெளிய எடுத்தாதான் தொட்டதா அர்த்தம், இதை பிள்ளைங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்க ப்ளீஸ், பயந்துபோய் தடவாமலே ஆடி நல்ல கேமை விட்ட பிள்ளைங்கள நானே பாத்திருக்கேன், மனசு கஷ்டமாயிடும்.

ஒவ்வொரு மூவையும் சத்தமா சொல்லணும், எதிராளி அதைத் திருப்பிச் சொல்லிட்டு தன் போர்டுலயும் வைக்கணும். அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்டாவ், ஹெக்டர், போர்டுல ஏ-ல இருந்து ஹெச் வரைக்கும் உள்ள எட்டு நெடுவரிசைக்கும் சொல்ற இந்த எட்டுப் பெயரும் தூக்கத்துல கேட்டாலும் வரணும், ஏன்னா வெறும் பி, டி, ஈ எல்லாம் ஹால் சத்தத்துல ஒரே மாதிரிதான் கேக்கும். ரெண்டு போர்டும் ஒத்துவரலன்னா சண்டை வேண்டாம், கடிகாரத்தை நிறுத்திட்டு ஆர்பிட்டரை, அதாவது நடுவரைக் கூப்பிடச் சொல்லுங்க. டவுட் இருந்தா வாய்ஸ் மெசேஜ் போடுங்க.