அகலச் சக்கரம் மாட்டுமுன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவையில் ஒரு டயர் கடையில், என் ஆக்டேவியா ஆர்எஸ் காரின் 7.5 அங்குல அகல அலாய் சக்கரங்களைக் கழற்றிவிட்டு 8.5 அங்குலச் சக்கரங்களை மாட்டியபோது, ஐந்து போல்ட் துளைகளும் 112 மி.மீ. வட்டத்தில் பொருந்தியதையே போதுமென்று கொண்டார்கள், நானும் தலையாட்டினேன். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பின்னிருக்கையில் மூவருடன் கடந்து இறங்கிப் பார்த்தால், டயரின் வெளியோரம் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள உடல் தகடு) விளிம்பில் உரசி, ஒரு விரற்கடை அகலத்துக்கு ரப்பர் சீவப்பட்டிருந்தது.

அகலத்தோடு ஆஃப்செட்டையும், அதாவது சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து அது அச்சோடு பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும், பார்க்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. ஆஃப்செட் மாறாமல் ஓர் அங்குலம் கூடினால் சக்கரம் உள்ளும் வெளியும் 12.7 மி.மீ. நீளும், ஆஃப்செட்டை 10 மி.மீ. குறைத்தாலோ உள்ளே 2.7, வெளியே 22.7 ஆகிவிடும். ஆகவே பழைய சக்கரம் மாட்டியிருக்கும்போதே உட்புறம் சஸ்பென்ஷன் வரையிலும் வெளிப்புறம் ஃபெண்டர் வரையிலும் உள்ள இடைவெளியை அளந்து, நடுத்துளையின் விட்டத்தையும் பிரேக் காலிப்பருக்கும் (பிரேக் தட்டைக் கவ்வும் பகுதி) சக்கரத்தின் ஸ்போக்குக்கும் இடைப்பட்ட இடத்தையும் சரிபார்த்து, பணம் வாங்குமுன் முன்னும் பின்னும் ஒவ்வொரு சக்கரத்தை மாட்டி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, பின்னால் ஆளேற்றியும் பார்க்கக் கடைக்காரர்கள் இசைய வேண்டும். சிறிது நேர வேலைதான்; ஆனால் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்ற பதில்தான் முதலில் வருகிறது.

– ஒரு வாசகர், பொள்ளாச்சி